வாதம் வருமுன் கழுத்து சொல்லும் சேதி



குழுவில் அவசரக் கடன் கேட்டு வரும்போது காரணம் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். கறவை மாடு, பிள்ளைகளின் பீஸ், தறிக்கு மோட்டார், கோழிப் பண்ணைக்குத் தென்னங்கீற்று என்று பல காரணம் இருக்கும். நடுவில் 'மாமனாருக்கு வாதம்', 'வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்ற வரியும் வரும். மற்ற கடனெல்லாம் முன்னே பின்னே ஆனாலும் அடைந்துவிடும். இந்தக் கடன்தான் இழுத்துக்கொண்டே போகும். படுத்தவர் சம்பாத்தியம் நிற்கிறது. அவரைத் தூக்கி உட்கார வைக்க, கஞ்சி ஊட்ட, துணி மாற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவளும் பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போவதை நிறுத்துகிறாள். ஒரே நாளில் இரண்டு சம்பளம் நின்றுபோகிறது. அப்புறம் தவணை எங்கிருந்து வரும்?

வாதம் சொல்லாமல் கொள்ளாமல் வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பலருக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் சிலருக்கு அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தச் சேதி என்ன, அதற்கும் கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

கழுத்தில் என்ன இருக்கிறது?

குரல்வளைக்குப் பக்கவாட்டில், தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரியும். (இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்த வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. வயதானவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.) அந்தத் துடிப்புதான் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய். டாக்டர்கள் இதைக் கரோட்டிட் என்பார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. தாடைக்குக் கீழே வந்ததும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்குள் போகிறது, மற்றது முகத்துக்கும் தலைத் தோலுக்கும் போகிறது. இவை போக, பின்கழுத்து எலும்புக்குள் ஏறிப் போகும் இரண்டு சின்னக் குழாய்களும் மூளைக்கு ரத்தம் தருகின்றன.

மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் இருதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. சேமித்து வைக்க அதற்குத் தொட்டி கிடையாது. வரவர செலவு செய்யும் வீடு மாதிரி. சில நிமிஷம் வரத்து நின்றாலே அந்த இடம் கருக ஆரம்பித்துவிடும்.

அடைப்பு எப்படி வருகிறது? இதை நம்ம பக்கத்துப் பெண்களுக்கு விளக்குவது சுலபம். போர் தண்ணி, அதுவும் சப்பத்தண்ணி பாயும் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். குழாய் கிளை பிரிகிற இடத்தில் அதிகமாக இருக்கும். கழுத்துக் குழாயிலும் அதேதான். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சுழித்துப் போகிறது. அங்கேதான் கொழுப்பு படிகிறது. பிரஷர் அதிகமாக இருந்தால் குழாயின் உள்சுவர் அடிபடும். சுகர் இருந்தால் சுவர் கெட்டுப்போகும். பீடி, சிகரெட்டு, புகையிலை சேர்ந்தால் இன்னும் வேகமாகும். இது ஒரு நாளில் நடப்பதில்லை, பத்து இருபது வருஷத்தில் நடக்கிறது. வலி கிடையாது. அதனால் தெரியாது.

உப்புக் குழாய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உப்பு அடைத்தால் தண்ணி குறையும், அவ்வளவுதான். கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்பின் மேல்தோல் திடீரென்று வெடிக்கும். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைகிற மாதிரி அதன் மேல் ரத்தம் உறையும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ஓட்டத்தோடு மேலே போய், மூளைக்குள் இருக்கும் நூல் மாதிரிக் குழாயில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் வாதம் வருவது இந்தத் துணுக்கால்தான். ரத்தம் குறைந்து போவதால் வருவது குறைவு. ஒரு பக்கக் குழாய் மெல்ல மெல்ல முழுசாக அடைத்துப்போயும் ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூளைக்கு அடியில் நாலு குழாயும் ஒரு வளையமாக இணைந்திருப்பதால், ஒரு மடை அடைத்தாலும் அடுத்த மடையிலிருந்து தண்ணி பாய்ந்துவிடுகிறது. ஆனால் இந்த வளையம் எல்லோருக்கும் முழுசாக இருப்பதில்லை. அதை நம்பி உட்கார முடியாது.

சேதி எப்படி வரும்?

பிய்ந்து போன துணுக்கு சின்னதாக இருந்தால் தானாகவே கரைந்துவிடும். அது சிக்கியிருந்த அந்தச் சில நிமிஷத்தில் என்ன நடக்கும் தெரியுமா? கையில் பிடித்திருந்த கரண்டி நழுவி விழும். ஒரு பக்கம் கை, கால் மரத்துப்போகும். வாய் ஒரு பக்கம் கோணும். பேச்சு குழறும், அல்லது சொல்ல நினைத்த வார்த்தை வராது. ஒரு கண்ணில் மட்டும் திரை இறக்கின மாதிரி இருட்டாகிவிடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

உடனே நாம் என்ன சொல்கிறோம்? 'ராத்திரி தூக்கமில்லை, அதான்.' 'வெயில்ல களை எடுத்தது.' 'வெறும் வயித்துல தறி ஓட்டினது, பித்தம்.' 'கையை மடக்கிப் படுத்திருப்பே.' ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் சோலியைப் பார்க்கப் போய்விடுகிறோம். சரியாகிவிட்டதே, எதற்கு ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற கணக்கு. இந்தக் கணக்குதான் தப்பு. இப்படி வந்து போனவர்களுக்குப் பெரிய வாதம் வரும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்த இரண்டு நாளில், அப்புறம் அந்த வாரத்தில். 'திங்கட்கிழமை சந்தைக்குப் போறப்ப அப்படியே டாக்டரைப் பார்த்துக்கலாம்' என்பதற்கு இதில் இடமில்லை. சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொரு சங்கதி. இடது கழுத்துக் குழாய் கெட்டால் வலது கை, வலது கால் விழும். மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில்தான் இருக்கிறது. கண் மட்டும் அதே பக்கத்துக் கண்தான். 'வலது கை மரத்தது, இடது கண்ணு மறைச்சது' என்று ஒருவர் சொன்னால் உளறல் என்று நினைக்க வேண்டாம். டாக்டருக்கு அது மிகப் பெரிய துப்பு.

வெறும் தலைசுற்றலோ, இரண்டு கையிலும் சேர்ந்து வரும் மதமதப்போ பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. அதற்கும் டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் பயந்து நடுங்க வேண்டாம். ஒரு பக்கம், திடீரென்று. இந்த இரண்டு சொல்லையும் மனசில் வையுங்கள்.

முப்பத்து மூன்று தடவை

லண்டனில் நடந்த ஒரு சம்பவம் டாக்டர்களின் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 66 வயதுப் பெண்மணி. நம்மைப் போலக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1953 கடைசியிலிருந்து அஞ்சாறு மாதத்துக்குள் அவருக்கு இப்படி 33 தடவை வந்து வந்து போயிருக்கிறது. ஒரு பக்கம் விழும், பேச்சு தடுமாறும், கண் மறைக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கழுத்துக் குழாய் சுருங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இந்த மாதிரி நோயாளிக்குக் கழுத்தைத் திறந்து அடைப்பை எடுத்ததாக யாரும் மருத்துவ இதழில் எழுதியிருக்கவில்லை. ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் என்ற மூன்று டாக்டர்கள் துணிந்தார்கள். குழாயைக் கவ்வி வைக்கும் நேரத்தில் மூளை தாக்குப் பிடிக்க வேண்டுமே என்று அவர் உடம்பையே 28 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். 1954 மே 19-ஆம் தேதி கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். அதன் பிறகு அந்த 33 தடவை வந்தது மறுபடி வரவில்லை. அந்த அம்மா பல வருஷம் நன்றாக வாழ்ந்தார். (அமெரிக்காவில் டிபேக்கி என்ற டாக்டர் 1953-லேயே இதே மாதிரி செய்திருந்தார். ஆனால் அதை வெளியில் எழுதியது ரொம்பக் காலம் கழித்து.)

நமக்கு இதில் ஆச்சரியம் ஆபரேஷன் மட்டுமல்ல. 33 தடவையையும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார், யாரோ உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்கிறார்கள். நம்ம வீட்டில் மாமியாருக்கு மூன்றாவது தடவை கை மரத்தது என்றைக்கு என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

ஸ்கேன், மாத்திரை, ஆபரேஷன்

சந்தேகம் என்றால் டாக்டர் முதலில் மூளைக்கு ஸ்கேன் எடுப்பார். கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன். வயிற்றுப் பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரிதான், ஜெல் தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. ரிப்போர்ட்டில் '40 சதவீதம்', '75 சதவீதம்' என்று எழுதியிருக்கும். குழாயின் அகலத்தில் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பாதிக்குக் கீழே என்றால் ஆபரேஷன் கிடையாது, மாத்திரைதான். சேதியும் வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தால்தான் ஆபரேஷனால் பெரிய பலன். இது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 1991-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெளிவானது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அதே பக்கத்து வாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் 9 பேருக்கு வந்தது. இன்றைய மாத்திரைகள் அன்றைக்கு இருந்ததைவிட நல்லவை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. செய்வதானால் சேதி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது. பணம் புரட்டுகிறோம், தை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். 50-க்கும் 70-க்கும் நடுவில் இருந்தால் ஆளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். முழுசாக, 100 சதவீதம் அடைத்துப்போன குழாயைப் பொதுவாகத் திறப்பதில்லை. 'நூறு அடைச்சிருக்கு, ஆபரேஷன் இல்லைங்கறாங்க, கை விட்டுட்டாங்க' என்று அழ வேண்டாம். அதிலிருந்து துணுக்கு போகும் ஆபத்து குறைவு என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் என்றால் கழுத்தில் கீறி, குழாயைத் திறந்து, படிந்ததை வழித்து எடுத்துவிட்டுத் தைப்பது. சிலருக்குத் தொடை வழியாகக் கம்பி விட்டு வலைக் குழாய், அதாவது ஸ்டென்ட், வைப்பார்கள். இரண்டிலும் ஆபத்து உண்டு. நூற்றில் சிலருக்கு ஆபரேஷனே வாதத்தைக் கொண்டு வந்துவிடும். அதனால் 'இதை நீங்க இங்க வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யறீங்க, எப்படி இருக்காங்க?' என்று டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லீங்க.

சேதி எதுவும் வராதவர்கள் எல்லோரும் போய்க் கழுத்து ஸ்கேன் எடுக்க வேண்டுமா? தேவையில்லை. முழு உடல் பரிசோதனை, சலுகை விலை என்று நோட்டீஸ் வருகிறது. அந்தப் பணத்துக்குப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அதைவிட நூறு மடங்கு பிரயோசனம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கழுத்துக் குழாயைவிட மூளைக்குள்ளேயே இருக்கும் குழாய் சுருங்கி வாதம் வருவது வெள்ளைக்காரர்களைக் காட்டிலும் அதிகம். அங்கே கத்தி வைக்க முடியாது. மாத்திரைதான் மருந்து.

மாத்திரை என்றால் பெரும்பாலும் மூன்று வகை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் மாதிரி ஒன்று, பிரஷருக்கு ஒன்றோ இரண்டோ. சுகர் இருந்தால் அதற்கும். வயிற்றுப் புண் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது யார்?

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருந்தது. அவர்களில் பிரஷர் கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7 பேருக்குத்தான். மீதிப் பேரில் பாதிக்கு மேல் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே தெரியாதவர்களும், தெரிந்தும் நிறுத்தினவர்களும் என்று நம் ஊர்களைப் பார்த்தாலே யூகிக்கலாம். நிறுத்துவதற்கு நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான். 'நல்லாத்தான இருக்குது.' மாத்திரை சாப்பிடுவதால் நல்லா இருக்கிறது, நல்லா இருப்பதால் மாத்திரையை விடுகிறோம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. விருது வாங்கிய வேலையைச் செய்த பெண் வாசலில் நின்று 'அக்கா, கையை நீட்டுங்க' என்றால் 'அடுப்புல பால் இருக்குது, அடுத்த மாசம் வா' என்று அனுப்பிவிட வேண்டாம்.

சாப்பாட்டில் உப்புதான் முதல் எதிரி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மிச்சர் எல்லாவற்றிலும் இருப்பது சேர்த்துத்தான் அந்த ஒரு ஸ்பூன். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது நல்லதல்ல. கம்பு, ராகி, கொள்ளு, கீரை நம்ம பாட்டிமார் சாப்பிட்டதுதான், புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையோடு புகையிலை அதக்கும் அக்காமார்களிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் புகையிலை வாய்க்கு மட்டும் கெடுதல் என்று நினைக்கிறார்கள், கழுத்துக்கும் மூளைக்கும் போகிறது என்று சொல்லுங்கள். பிரசவ காலத்தில் பிரஷர் ஏறி 'ஃபிட்ஸ் வரும்' என்று பயமுறுத்தப்பட்டவர்கள் அதோடு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. அவர்களுக்குப் பின்னாளில் பிரஷரும் வாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு சேதி. சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து 'சடக்' என்று நெட்டி எடுப்பதை வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிந்து, வயசுப் பையன்களுக்கே வாதம் வந்திருக்கிறது.

வந்தேவிட்டால்?

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை கீழே இறங்குகிறதா? குழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 108. போனிலேயே 'வாதம் மாதிரி இருக்குதுங்க' என்று சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டு போகச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நேரம்தான் போகும். பல்லடத்திலிருந்து திருப்பூரும் கோவையும் எட்டாத தூரமில்லை. திருப்பூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும். கசிவாக இருந்து இந்த ஊசியைப் போட்டால் ஆளே போய்விடுவார். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை நாமாகக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெரிய குழாயில் கட்டி சிக்கியிருந்தால் கம்பி விட்டு இழுத்து எடுக்கவும் முடியும், சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் 19 லட்சம் நரம்பு அணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்குப் பக்கவாதம் வந்தபோது ஊர் ஊராகக் கோயிலில் மண்சோறு சாப்பிட்டது நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கா வரை கொண்டு போனார்கள். அன்றைக்கு வாதத்துக்கு இந்த ஊசி உலகத்தில் எந்த நாட்டிலும் வழக்கத்தில் இல்லை. அமெரிக்காவிலேயே 1996-ல்தான் அனுமதித்தார்கள். முதலமைச்சருக்குக் கிடைக்காத மருந்து இன்றைக்குக் கூலிக்காரர் வீட்டுக்குக் கிடைக்கிறது, நேரத்தோடு போனால்.

108 வருவதற்குள் தண்ணி, காப்பி, சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புறா ரத்தம் தேய்க்கிறேன், மந்திரிக்கிறேன், பச்சிலை கட்டுகிறேன் என்று வருகிறவர்களிடம் வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தப்புறம் பார்த்துக்கலாமுங்க' என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள்.

கூடப் போகிறவர் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல், ஆள் கடைசியாக நல்லா இருந்தது எத்தனை மணிக்கு என்பது. தூங்கி எழும்போதே விழுந்திருந்தால், படுக்கப் போனது எத்தனை மணிக்கு. சாப்பிடும் மாத்திரை அட்டைகள், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை மூன்றும் ஒரே பையில் இருந்தால் தேட வேண்டியதில்லை. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு வார்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கவும். வாசித்து முடித்ததும், 'கை மரத்து, வாய் கோணி, கண் மறைச்சுத் தானாச் சரியானது யார் வீட்டிலயாவது உண்டா?' என்று கேட்கவும். முதலில் யாரும் பேச மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒருவர் சொல்ல ஆரம்பிப்பார். உறுப்பினர் பெயர், வீட்டில் பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் யார், கடைசியாகப் பிரஷர் பார்த்த தேதி, அளவு ஆகியவற்றைச் சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி, மாதாமாதம் சந்தா வாங்கும்போதே அந்தக் கட்டத்தையும் நிரப்பி வரவும்.